லிஜி மட்டும் கண்ட பெட்டி

அத்தியாயம் 6

லிஜியின் கம்ப்யூட்டர் கடை ஷட்டரில் மூன்று இடங்களில் பள்ளம் விழுந்திருந்தது. கல்லெறிந்தது யார் என்று ஊருக்கே தெரியும். போலீஸுக்குச் சொல்லத்தான் ஆளில்லை. லிஜியே சொல்லவில்லை.

"குறி நல்லா இருக்கு சாரே," என்றாள் ரெஷ்மா, பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தபடி. "மூணு கல்லும் ஒரே வரிசை. வள்ளத்தில நின்னு வலை வீசுற கையாக்கும்."

துப்பறியும் ஜெயதாஸ் சிரிக்கவில்லை. இருபத்தொரு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைத் தேடித் தேடிச் சிரிப்பைத் தொலைத்த மனிதர் அவர். இப்போது உதியன்குளங்கரையில் ஒரு ஸ்டேஷனரி கடையின் மாடியில் சொந்தமாக ஏஜென்சி வைத்திருந்தார். அங்கே இருந்ததெல்லாம் ஒரு மேஜை, ஒரு போர்டு, ஒரு ரெஷ்மா. மேஜைக்கு வயசு கூடுதல். ரெஷ்மாவுக்கு வாய் கூடுதல்.

"மணி என்ன?"

"ஒன்பதே கால்."

அப்படியானால் இன்னும் ஏழே முக்கால் மணி நேரம்தான் இருந்தது.

விஷயம் இதுதான். பொழியூரில் கடல் தின்ற வீடுகள் நாற்பத்திரண்டு. அந்தக் குடும்பங்களில் முக்கால்வாசி பள்ளிக்கூட முகாமில், பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்துக் கிடந்தன. அவர்களுக்கு வீடு தர ஒரு திட்டம் வந்தது. மனு போடுவது ஆன்லைனில் மட்டும்தான். நாற்பத்தொரு மனுக்களை லிஜி இந்தக் கடையில் உட்கார்ந்து அனுப்பிக் கொடுத்தாள். நாற்பத்திரண்டாவது மனு அவளுடைய அம்மா லீலாபாயுடையது. திங்கட்கிழமை பட்டியல் வந்தபோது நாற்பத்தொன்றும் தள்ளுபடி. லீலாபாய்க்கு மட்டும் வீடு.

இன்று வெள்ளி. மேல்முறையீட்டுக்கு மாலை ஐந்து மணி கடைசி. ஐந்தைத் தாண்டினால் பட்டியல் பட்டியல்தான், கல்லில் எழுதின மாதிரி.

"நான் செய்யல்ல சாரே," என்றாள் லிஜி. முப்பது வயசிருக்கும். நான்கு நாளாகத் தூங்காத முகம். "எனக்க கையால ஒரு எழுத்து மாத்தி அடிக்கல்ல. நீங்க அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொன்னாப் போதும்."

"வீடு?"

"அவங்களுக்குக் கெடைச்சாத்தான் எனக்கும் இந்த ஊரில இருக்க முடியும்."

தள்ளுபடிக் கடிதம் ஒன்றை அவள் நீட்டினாள். நாற்பத்தொரு கடிதத்திலும் காரணம் ஒன்றுதான். 'மனுதாரருக்கு அண்டை மாநிலத்தில் வீடு உள்ளது. மனுதாரரே ஒப்புக்கொண்டது.'

ஜெயதாஸ் அதை இரண்டு முறை வாசித்தார். ஊர் ஏன் கல்லெறிந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எல்லைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பொழியூரிலிருந்து தமிழ்நாடு கூப்பிடு தூரம். பெண் எடுத்தது அங்கே, கொடுத்ததும் அங்கே. கொல்லங்கோட்டிலோ ஊரம்பிலோ ஆளுக்கொரு அம்மா வீடு, பாகம் பிரிக்காத அரை சென்ட், எப்போதோ எடுத்த பழைய ரேஷன் கார்டு. அதெல்லாம் சொத்து என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. ஆனால் சர்க்கார் திட்டம் என்று வந்துவிட்டால் அதைப் பற்றி யாரும் மூச்சு விட மாட்டார்கள். எல்லோருடைய கார்டு நகலும் இருப்பதோ லிஜியின் அலமாரியில்.

* * *

முகாம் வாசலிலேயே பிரேமகுமாரி வழிமறித்தாள். மீன் சந்தையில் முப்பது வருஷம் பேசிப் பழகிய குரல்.

"அவளுக்க ஆளுதானே நீங்க?"

"உண்மைக்க ஆளு," என்றார் ஜெயதாஸ்.

"உண்மைக்கு எத்தனை மணிக்கு பஸ்ஸு? எங்களுக்கு அஞ்சு மணிக்குள்ள வேணும்."

"இந்தம்மாவை நம்ம ஏஜென்சிக்கு எடுத்துக்கிடலாம் சாரே," என்று ரெஷ்மா முணுமுணுத்தாள். "நான் லீவில போறேன்."

ஜெயதாஸ் எல்லோரையும் கூட்டி வைத்துக் கேட்டபோது ஒருவரும் பேசவில்லை. தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் போய்த் தனியாக நின்றதும் ஒவ்வொருவராக வந்தார்கள். "எனக்க அம்மை வீடு ஊரம்பில உண்டு சாரே. ஆனா ஒருத்தருக்கும் தெரியாது." "எனக்க பெண்ணுக்கு அந்தப் பக்கம் ஒரு முறி, ஒத்தை ரூமு, எழுதி வெச்சிருக்கு. ஒருத்தர்கிட்டயும் பறையல்ல." பிரேமகுமாரியும் வந்தாள். குரலே மாறிப்போயிருந்தது. "கொல்லங்கோட்டில அண்ணனுக்க வீடு. எனக்க பேரு அதில இல்ல, ஆனா வேணுமெங்கி எழுதலாம். அது லிஜிக்கு மட்டும்தான் தெரியும் சாரே."

எட்டுப் பேர் வந்துபோனார்கள். எட்டுப் பேருக்கும் ஒரே நினைப்பு, தன் ரகசியம் மட்டும் வெளியே போய்விட்டதாக. கடிதத்தை மடித்து இடுப்பில் சொருகி வைத்திருந்தார்களே தவிர, அடுத்தவன் கடிதத்தோடு வைத்துப் பார்க்க எவருக்கும் துணிச்சல் வரவில்லை. பார்த்திருந்தால் திங்கட்கிழமையே தெரிந்திருக்கும்.

கடைசியாகப் பரமசிவன் வந்தார். துறையில் ஐஸ் பெட்டி சுமக்கிறவர். அறுபது வயசு, ஒண்டிக்கட்டை. அவர் கையிலும் அதே கடிதம்.

"உங்களுக்கு அந்தப் பக்கம் யாரு உண்டு?"

"அந்தப் பக்கமா? எனக்கு இந்தப் பக்கமே யாரும் இல்லியே சாரே. களியக்காவிளைக்கு ஒருக்கா பல்லு பிடுங்கப் போனேன். பல்லு அங்கன உண்டு. வேணுமெங்கி அதை எழுதிக்கிடட்டு."

ரெஷ்மா வாய்விட்டுச் சிரித்தாள். ஜெயதாஸுக்கோ உள்ளங்கை வேர்த்தது. நல்ல துப்பு கிடைக்கும்போதெல்லாம் அவருக்கு வேர்ப்பது அங்கேதான்.

"மக்கா, கேட்டியா? காட்டிக்கொடுக்கிறவ உள்ளதைத்தான் காட்டிக்கொடுப்பா. இல்லாததை எழுத அவளுக்கு என்ன தேவை?"

"பரமசிவண்ணன் மேல பகையா இருந்தா?"

"ஐஸ் பெட்டிக்காரர் மேல யாருக்குப் பகை? இது ஆளைப் பாத்துச் செஞ்ச வேலை இல்ல. ஆளையே பாக்கல்ல. வரிசையா எல்லாரையும் ஒரே மாதிரி வெட்டியிருக்கு. மனுஷன்னா நாப்பத்தொண்ணில எங்கயாவது ஒருத்தனை விட்டுவைப்பான்."

* * *

ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே நுழைந்தார்கள். லிஜி கம்ப்யூட்டரை ஓட விட்டாள். அடுத்த ஊர்க்காரர்களுக்காக மனுப் படிவம் இன்னும் திறந்தே கிடந்தது.

"பாருங்க. பேரு, அட்ரஸு, போன வீட்டுக்க நம்பரு, சமர்ப்பி. வேற மாநிலத்தில வீடு உண்டான்னு ஒரு கேள்வியே இல்ல. கேக்காததுக்கு அவங்க எங்கன ஒப்புக்கிட்டாங்க?"

"குரோமில திறந்திருக்கா," என்றாள் ரெஷ்மா. நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்தவள். இந்த மாதிரி இடங்களில் அவள் கேலிக்குச் சற்று ஓய்வு கொடுப்பாள். "வேற பிரவுசரில பாப்போம்."

எட்ஜில் திறந்தாள். கேள்வி இல்லை. ஒபேராவில் திறந்தாள். இல்லை. பிரேவ் என்று ஒன்றை இறக்கித் திறந்தாள். அதிலும் இல்லை.

"நாலு சாட்சி சாரே. நாலும் ஒரே மொழி. படிவத்தில தப்பில்ல."

ஜெயதாஸ் தாடையைச் சொறிந்தார். கம்ப்யூட்டர் அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. சாட்சிகளைத் தெரியும். ஒரு விபத்தை நாலு பேர் பார்த்தால் நாலு மாதிரிதான் சொல்லுவார்கள். ஒருத்தன் பஸ் சிவப்பு என்பான், இன்னொருத்தன் லாரி என்பான். நாலு பேரும் கமா புள்ளி மாறாமல் ஒன்றாகச் சொன்னால், யாரோ ஒருத்தர் வீட்டில் உட்கார்ந்து நாலு பேரும் சாயா குடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"இந்த நாலுக்கும் தங்களுக்குள்ள ஏதாவது சொந்தம் உண்டா?"

ரெஷ்மாவின் கை மவுஸிலிருந்து தானாக எழுந்தது. தலையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள். "நான் ஒரு மண்டூகம் சாரே! பேரு நாலு, படம் நாலு. உள்ள ஓடுற இன்ஜின் ஒண்ணாக்கும்."

"இன்ஜினா?"

"பக்கத்தை வாசிச்சு நமக்கு வரைஞ்சு காட்டுற சாதனம். குரோமுக்க இன்ஜினை எடுத்துத்தான் மத்த மூணு பேரும் வண்டி கெட்டியிருக்காங்க. ஹைவேயில நாலு ஹோட்டலு, நாலு போர்டு. பொரோட்டா வாறது பின்னால ஒரே அடுக்களையில இருந்து. மாவு கெட்டா நாலு கடையிலயும் கெடும். நல்லா இருந்தா நாலிலயும் நல்லா இருக்கும். நாலு கடையில தின்னு பாத்தேன்னு சொல்லுறதில ஒரு கதையும் இல்ல."

"வேற அடுக்களை உண்டா?"

"உலகத்தில விரல் விட்டு எண்ணலாம். ஃபயர்பாக்ஸுக்கு சொந்த அடுக்களை உண்டு. ஐபோனுக்கு வேற."

ஜெயதாஸ் மெதுவாகத் திரும்பி லிஜியைப் பார்த்தார். "உனக்க அம்மைக்க மனுவையும் இந்தக் கம்ப்யூட்டரில தான் போட்டியா?"

லிஜியின் முகத்தில் ஏதோ மாறியது.

"இல்ல சாரே. அம்மைக்கு முட்டு வேதனை, கடைக்குப் படி ஏற முடியாது. ஓ.டி.பி. அவளுக்க போனுக்காக்கும் வரும். அதனால பின்னால அறையில வெச்சு, ஜித்தினுக்க பழைய லேப்டாப்பில போட்டேன்."

ஜித்தின் அவள் தம்பி. வேலைக்குக் கல்ஃப் போகுமுன் விட்டுப்போன லேப்டாப் அது. விண்டோஸ் ஏழு. அந்தக் காலத்து மிஷினுக்குப் புது குரோம் வருவது நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. பழையதைத் திறந்தால் பாதித் தளங்கள் வாசலிலேயே விரட்டும். ஃபயர்பாக்ஸ்காரர்கள்தான் இந்த மாதிரிக் கிழட்டு மிஷின்களையும் கைவிடாமல் கொஞ்ச காலம் கூடுதலாக இழுத்துப் பிடித்தார்கள். அதனால் ஜித்தின் அதைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. லீலாபாய் கட்டிலில் சாய்ந்திருந்தார். லேப்டாப்புக்கு பேட்டரி செத்துப் பல நாளாயிற்று. வயரைச் சொருகியதும் விமானம் கிளம்புவது மாதிரி ஒரு சத்தம் போட்டது.

"இது திறந்து வரதுக்குள்ள ஒரு சாயா குடிச்சிட்டு வரலாம்," என்றாள் ரெஷ்மா. "கொழுக்கட்டையும் அவிச்சுக்கிடலாம்."

திறந்தது. அதே தளம், அதே படிவம். பேர், அட்ரஸ், வீட்டு நம்பர். அதற்குக் கீழே, சமர்ப்பி என்ற பொத்தானுக்கு மேலே, ஒரு சின்னக் கட்டம். 'எனக்கு அண்டை மாநிலத்தில் வீடு உள்ளது.' கட்டத்துக்குள் ஏற்கெனவே ஒரு டிக்.

ரெஷ்மா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கடைக் கம்ப்யூட்டரில வாற படிவத்திலயும் இந்தப் பெட்டி உண்டு," என்றாள் ரெஷ்மா, கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு. "டிக்கோட உண்டு. ஆனா கண்ணுக்குத் தெரியாம ஒளிச்சு வைக்க ஏதோ பழைய வரி ஒண்ணைப் படிவத்தில விட்டிருக்கானுங்க. அந்த வரி குரோம் வகைக்கு மட்டும் புரியும். ஃபயர்பாக்ஸுக்குப் புரியல்ல, அதனால ஒளிக்கல்ல. புரியாதவன்தான் உண்மையைச் சொல்லியிருக்கான் சாரே. நாப்பத்தொரு பேரும் கண்ணுக்குத் தெரியாத பெட்டியில டிக் வெச்சு அனுப்பியிருக்காங்க."

"லிஜி," என்றார் ஜெயதாஸ். "நீ இதைப் பாத்தியே. மத்தவங்களுக்கு இது வரல்லியேன்னு தோணல்லியா?"

லிஜி அழத் தொடங்கியிருந்தாள். "தோணிச்சு. அம்மைக்க பழைய கார்டு கொல்லங்கோட்டு அட்ரஸாக்கும். மாமனுக்க வீடு அங்கதானே. அதைக் கண்டுபிடிச்சு நம்மகிட்ட மட்டும் கேக்கிறானுங்கன்னு நெனச்சேன். பேடிச்சுப் போய் டிக்கை எடுத்துவிட்டேன். எங்களுக்கு அங்க வீடு கிடையாது, அது பொய்யில்ல. ஆனா வெளிய சொன்னா ஊரு நோண்டும். அதனால ஒருத்தர்கிட்டயும் பறையல்ல."

ஆக, குழாய்க்குப் பின்னால் எட்டுப் பேர் சொன்ன அதே பயம். லிஜிக்கும் அது தனக்கு மட்டுமான பயமாகத்தான் தோன்றியிருக்கிறது. இந்த எல்லையில் பிறந்த எவருக்கும் அப்படித்தான் தோன்றும். ஜெயதாஸுக்கு அவளைக் கோபிக்க மனம் வரவில்லை.

மணி பத்தரை. குற்றவாளி யாரும் இல்லாத கேஸ், ஆனால் முடிந்துவிட்டது. ஆறரை மணி நேரம் மிச்சம். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"ரெஷ்மா, போட்டோ எடு. அப்புறம் அந்தத் தளத்துக்க உதவி நம்பருக்கு ஒரு போன் போடு. இன்னின்ன பிரவுசரில இப்படியொரு பெட்டி தெரியுது, நேரில வந்து காட்டப்போறோம்னு சொல்லிரு."

"என்னத்துக்கு சாரே முன்கூட்டிச் சொல்லணும்?"

"எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் கொடுக்காம சாட்சியைக் கொண்டு நிறுத்தினா, எங்களுக்கு அவகாசம் தரல்லன்னு தட்டிக் கழிப்பாங்க. இன்சூரன்ஸில நான் படிச்ச முதல் பாடம் அது."

"கள்ளனைக் கூப்பிட்டு, அண்ணா பதினொரு மணிக்கு வாறோம், வீட்டில இருக்கணும்னு சொல்லுற ஒரே டிடெக்டிவ் ஏஜென்சி நம்மளதாக்கும்."

"அவங்க கள்ளன் இல்ல மக்கா. ஆபீஸு."

போனை எடுத்தவர் வெகு மரியாதையானவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எந்தப் பிரவுசர் என்று இரண்டு தடவை கேட்டார். உடனே கவனிக்கிறோம், தகவலுக்கு ரொம்ப நன்றி என்றார்.

* * *

நெய்யாற்றின்கரைக்கு ரெஷ்மாவின் ஸ்கூட்டரில் போனார்கள். லேப்டாப் ஜெயதாஸின் மடியில், பச்சைப் பிள்ளை மாதிரி துண்டில் சுற்றி. திட்ட அலுவலகத்தில் முறை வர மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. அதிகாரி விமலகுமாரி நல்ல பெண்மணி. உட்காரச் சொன்னார், முழுக்கக் கேட்டார், பொழியூரில் கடல் எப்படி இருக்கிறது என்றும் விசாரித்தார். இந்தக் கதையில் ஒரு கெட்டவர் கிடைத்திருந்தால் ஜெயதாஸுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"நோக்கட்டே," என்று தன் கம்ப்யூட்டரில் படிவத்தைத் திறந்தார். குரோமில் பார்த்தார், எட்ஜில் பார்த்தார். "இதில் பெட்டி ஒண்ணும் இல்லல்லோ."

"அதிலே தெரியாது மேடம்," என்று ரெஷ்மா போட்டோவைக் காட்டினாள்.

"மோளே, இதுபோல போட்டோ எனக்க பெண்ணு பத்து நிமிஷத்தில செய்வா. குற்றமா எடுக்க வேண்டா. நேரில காணிச்சுத் தந்தா நான் இப்பமே எழுதித் தாறேன். நாப்பத்தொண்ணும் மறுபரிசீலனைக்குப் போகும்."

அதைவிட வேறென்ன வேண்டும்? ஜெயதாஸ் துண்டைப் பிரித்தார். பிளக் பாயின்ட் ஃபேனுக்குக் கீழே இருந்தது. மூன்று பேரும் மேஜையை நகர்த்தினார்கள். லேப்டாப் தன் சத்தத்தைப் போட்டது. கிளார்க்குகள் எட்டிப் பார்த்தார்கள். ஃபயர்பாக்ஸ் திறந்தது. ரெஷ்மா தளத்தின் பேரை அடித்தாள்.

வெள்ளைப் பக்கத்தில் ஒரே ஒரு வரி வந்தது. 'இந்தப் பிரவுசரில் இத்தளம் இயங்காது. அங்கீகரிக்கப்பட்ட பிரவுசரைப் பயன்படுத்தவும்.'

"காலையில இயங்கிச்சே," என்றாள் ரெஷ்மா. மறுபடி அடித்தாள். அதே வரி.

விமலகுமாரி உள் போனில் யாரையோ கூப்பிட்டார். சஜி என்று ஒரு இளைஞன் வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் மலர்ந்த சிரிப்பு. தளத்தைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன்.

"ஓ, அதுவா மேடம்? அது நான் செஞ்சதாக்கும். காலையில ஒரு புகார் வந்துது. ஃபயர்பாக்ஸில வேண்டாத பெட்டி ஒண்ணு தெரியுதுன்னு. நமக்க தளம் குரோமில வெச்சு மட்டும்தான் சோதிச்சது. மத்ததை வெச்சிருக்கிறவங்க நூறுக்கு ஒண்ணோ ரெண்டோ. எதுக்கு வம்புன்னு அதை அடைச்சிட்டேன். அரை மணி நேரத்தில முடிச்சேன்."

பாராட்டை எதிர்பார்த்து அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

ரெஷ்மா ஜெயதாஸைப் பார்க்கவில்லை. அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. ஒரு கேலி பண்ணியிருக்கலாம். இருபத்தொரு வருஷ அனுபவத்தைத் தூக்கி முகத்தில் எறிந்திருக்கலாம். ஒரே ஒரு சாட்சி இருந்தது. அதன் வாயைக் கட்டச் சொல்லிப் போன் போட வைத்தது அவரேதான்.

"அடைச்சதைத் திற தம்பி," என்றார்.

"தளம் எழுதின கம்பெனிக்க சம்மதம் இல்லாம திறக்க முடியாது சாரே. அடைக்க எனக்கு அனுமதி உண்டு. திறக்கணுமெங்கி எழுதிப் போடணும். ஏழு வேலை நாள்."

ரெஷ்மா சட்டென்று அதிகாரியின் கம்ப்யூட்டருக்குத் தாவினாள். படிவத்தின் உள்ளே எழுதியிருப்பதைத் திறந்து, எழுத்துக் காட்டுக்குள் ஒரு வரியில் விரலை வைத்தாள். "இதா. பெட்டி. இதா டிக். இதா ஒளிச்சு வைக்கிற வரி. சஜி, நீங்களே சொல்லுங்க."

சஜி குனிந்து பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. "உண்டு மேடம்," என்றான் மெதுவாக. "ஆனா இது கம்பெனி எழுதினது. இதுதான் காரணம்னு எழுதிக் கையெழுத்துப் போட எனக்கு அதிகாரம் இல்ல."

"எனக்கு இதை வாசிக்கவும் தெரியாது," என்றார் விமலகுமாரி. "கண்ணால காணாத ஒண்ணை நான் கண்டேன்னு எங்ஙனே எழுதும்?"

"அதைத்தான் மேடம் சொல்லுறோம்!" ரெஷ்மா கத்தியே விட்டாள். அவள் கேலி பேசாமல் கத்தி ஜெயதாஸ் அன்றுதான் பார்த்தார். "எல்லாரும் ஒரே கண்ணால பாத்தா, அந்தக் கண்ணுக்குப் படாதது இல்லாமலே ஆயிரும். வேற ஒரு கண்ணு இருந்துது. வித்தியாசமாப் பாக்குதுன்னு அதைக் குத்திட்டீங்க."

விமலகுமாரி கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு ஃபைலைப் புரட்டினார். அங்கேதான் ஜெயதாஸ் கொஞ்சமும் நினைத்துப் பாராதது நடந்தது.

"ஒரு காரியம் கேக்கட்டே சஜி. இந்தப் பெட்டி யாருக்கும் தெரியாதெங்கில், இந்த லீலாபாய் அதில உள்ள டிக்கை எங்ஙனே எடுத்தாங்க?"

சஜி தயங்கினான். "அங்கீகரிச்ச பிரவுசரில சாதாரணமா எடுக்க முடியாது மேடம். உள்ள போய் ஏதாவது செஞ்சாத்தான்…"

"அவளுக்கு அது தெரிஞ்சுது!" என்றார் ஜெயதாஸ். "ஃபயர்பாக்ஸில தெரிஞ்சுது. அதனால எடுத்தா!"

"ஃபயர்பாக்ஸில தளம் இயங்காது எந்நு இப்பம் நாம எல்லாரும் கண்டோமே சார்."

"காலையில இயங்கிச்சு. இந்தப் பையனே அடைச்சேன்னு சொன்னானே."

"இன்னைக்குக் காலையில இயங்கினது அவன் பறஞ்சான். அவங்க மனு போட்ட அன்னைக்கு எதில போட்டாங்க எந்நு ரெக்கார்டு உண்டோ சஜி?"

"அது சேமிக்கிறதில்ல மேடம்."

விமலகுமாரி பெருமூச்சு விட்டார். நிஜமான வருத்தம்தான். "நீங்க கொண்டு வந்த புகார் ரெக்கார்டில கேறியாச்சு. இனி நான் காணாத மாதிரி இருக்க முடியாது. மறைஞ்ச பெட்டியை ஒரு மனுவில மட்டும் யாரோ மாத்தியிருக்காங்க. விசாரணை முடியும்வரை அந்த மனுவை நிறுத்தி வெச்சே பற்றூ, வேற வழியில்ல."

"மத்த நாப்பத்தொண்ணு?"

"அதுக்கு ஆதாரம் இல்லல்லோ."

கம்பெனிக்குப் போன் போட்டார்கள். மெயில் அனுப்பினார்கள். மேலதிகாரி ஒருவர் திருவனந்தபுரத்தில் மீட்டிங்கில் இருந்தார். ஐந்து மணி வரை இருந்தார். ரெஷ்மா ஒரு பெஞ்சிலிருந்து இன்னொரு பெஞ்சுக்கு மாறி மாறி உட்கார்ந்தாள். நாலே முக்காலுக்கு ஜெயதாஸ் நாற்பத்தொரு பேருக்கும் சேர்த்து வெள்ளைத் தாளில் ஒரு மனு எழுதி நீட்டினார். மேல்முறையீடு ஆன்லைனில் மட்டும்தான் என்று கிளார்க் திருப்பிக் கொடுத்தார். ஆன்லைனில் ஆதாரம் இணைக்காமல் அனுப்பு பொத்தான் வேலை செய்யவில்லை. ரெஷ்மா அந்தப் போட்டோவையே இணைத்து அனுப்பினாள். ஐந்து அடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது பதில் வந்தது. 'ஆதாரம் ஏற்கத்தக்கதல்ல.'

* * *

பொழியூருக்கு வந்து சேரும்போது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. பள்ளிக்கூட முற்றத்தில் எல்லோரும் நின்றார்கள். ஒரு ஓரமாக, யாரோடும் சேராமல், லிஜி.

ஜெயதாஸ் ஒன்றையும் மறைக்கவில்லை. பெட்டியைச் சொன்னார். ஒளித்து வைத்த வரியைச் சொன்னார். நாலு பேரும் ஒரு இன்ஜினும் என்ற கதையைச் சொன்னார். லிஜி ஒரு எழுத்தும் மாற்றவில்லை என்பதை மூன்று முறை சொன்னார். போன் போடச் சொன்னது தான்தான் என்றும், அந்தத் தப்புக்கு மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை என்றும் சொன்னார். ரெஷ்மா போட்டோவைக் கை மாற்றி மாற்றிக் காட்டினாள்.

கூட்டம் போட்டோவைப் பார்த்தது. ஒருவர் முகத்திலும் ஒன்றும் ஏறவில்லை. பெட்டி, இன்ஜின், பிரவுசர். பேசத் தெரிந்தவள் பேச ஆள் பிடித்து வந்திருக்கிறாள் என்றுதான் அந்த முகங்கள் நினைத்தன.

பிரேமகுமாரி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "லீலாபாய் சேச்சிக்க வீடு?"

"அதையும் நிறுத்தி வெச்சாச்சு."

"போச்சா?"

"போனது மாதிரிதான்."

பிறகு பிரேமகுமாரி புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு நேராக லிஜியிடம் போனாள். அவள் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"நீ செய்யல்ல மோளே. இப்பம் மனசிலாச்சு. செஞ்சிருந்தா உனக்க வீடாவது நின்னிருக்குமே."

பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பரமசிவன், ஷட்டரைத் தட்டி நிமிர்த்தித் தருவதாகச் சொன்னார். காலை பத்தரை மணிக்கு இவள் குற்றமற்றவள் என்பதற்கு அசைக்க முடியாத ஆதாரம் கையில் இருந்ததே என்று ஜெயதாஸுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அந்த ஆதாரத்தை ஒருவரும் நம்பவில்லை. வீடு போனதைத்தான் நம்பினார்கள். ரெஷ்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடுவதாகப் பாவனை செய்தாள்.

பெண்களின் கைகளிலிருந்து விலகி லிஜி அவரிடம் வந்தாள். கண்ணைத் துடைத்திருந்தாள்.

"நன்றி சாரே. நான் கேட்டதைச் செஞ்சு தந்துட்டீங்க."

ஜெயதாஸ் துண்டில் சுற்றிய லேப்டாப்பை அவளிடம் நீட்டினார்.

"ஒரு உபகாரம் கூட. திங்கட்கிழமையில இருந்து அம்மை, புது வீட்டில கட்டிலை எந்தச் சுவரோடு போடலாம்னு கேட்டுக்கிட்டே கிடக்கா. அவகிட்ட இதை எனக்குச் சொல்ல முடியல்ல. நீங்க சொல்லுவீங்களா?"

இல்லை என்று சொல்ல அவருக்கு இடமில்லை. இரண்டு பேரும் முன்னும் பின்னுமாகக் கடைப் பக்கம் நடந்தார்கள். பின்னறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எப்படித் தொடங்குவது என்று தெரியாமலேயே ஜெயதாஸ் உள்ளே போனார்.